பைக் ஓட்டினால் மணிக்கட்டும் முன்கையும் வலிக்கிறதா? ஹேண்டில்பார், லீவர், கேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

இடது முன்கையின் உள்பக்கச் சதை இறுகி, சிக்னலுக்கு சிக்னல் வலி கூடினால் கிளட்ச் கனமாக இருக்கிறது, அல்லது லீவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. வலது மணிக்கட்டின் மேல்பக்கம் மட்டும் நெடுஞ்சாலையில் வலித்தால் ஆக்சிலேட்டரைப் பிடிக்கும் விதத்தையும் அதன் கேபிளையும் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியும் ஒரே மாதிரி எரிந்தால் உடம்பின் எடை கையில் இறங்குகிறது. ஹேண்டிலைவிட சீட்டில்தான் பிரச்சினை இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டு பின்னோக்கி மடிந்து, அதன் நடுவே போகும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் அழுத்தம் விழுகிறது. முழங்கையின் வெளிப்பக்க எலும்பு அருகே குத்தினால், கைப்பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் வலி, அதுவும் வண்டி ஒருமுறை விழுந்த பிறகு தொடங்கியது என்றால் வளைந்த பார் பற்றிய கேள்விக்கு நேராகப் போங்கள்.

எதை முதலில் மாற்ற வேண்டும்? நேராக ரைசர் (ஹேண்டில்பாரை உயர்த்தும் கட்டை) வாங்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். செலவில்லாத வேலைகள் முதலில்: லீவர் கோணம், கேபிள்களின் ஃபிரீ ப்ளே (கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லீவரோ கிரிப்போ சும்மா ஆடும் தூரம்), கேபிளுக்கு எண்ணெய். அதற்குப் பிறகு ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது. சீட்டும் உட்காரும் முறையும் அடுத்தது. ரைசரும் புது ஹேண்டில்பாரும் கடைசி. ஷோரூமில் வண்டியைப் பிரித்துப் பூட்டும்போது லீவரை எந்தக் கோணத்தில் முடுக்கினார்களோ அதே கோணத்தில் பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள்தான் அதிகம். 5 அடி 3 அங்குல உயரம் உள்ளவருக்கும் 6 அடி உள்ளவருக்கும் ஒரே கோணம் பொருந்த வாய்ப்பே இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

லீவர் கோணம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்ட் மட்டும் இருந்தால் ஒருவரை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சாய்ந்த வண்டியில் எடுக்கும் அளவு தவறாகும். ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை லேசாக மடித்துக் கைப்பிடியைப் பிடியுங்கள். இப்போது நான்கு விரல்களையும் நேராக முன்னால் நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை பக்கவாட்டில் பார்த்தால் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் விரல்கள் லீவரின் மேல் படிந்தால் கோணம் சரி.

லீவர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால், விரலை அதன்மேல் வைக்க ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைப் பின்னால் மடிக்க வேண்டும். நகரப் போக்குவரத்தில் இது ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். கீழே இருந்தால் மணிக்கட்டு முன்னோக்கிக் கவிழும். பிரேக் பிடிக்க நேரமும் கூடும்.

உங்களுக்குத் தெரியாமல் யாராவது பக்கத்திலிருந்து செல்போனில் படம் எடுத்தால் இன்னும் நல்லது. கேமரா இருப்பது தெரிந்தால் எல்லோரும் நிமிர்ந்துதான் உட்காருவார்கள்.

நின்றுகொண்டு மண் பாதையில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டிகளில், உட்கார்ந்தபோது கிடைக்கும் கோணத்தைவிடக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்வார்கள். தார்ச்சாலை மட்டுமே என்றால் அது தேவையில்லை.

லீவரை எப்படித் திருப்புவது?

லீவரைத் தாங்கும் கிளாம்ப் ஹேண்டில்பாரில் ஒன்று அல்லது இரண்டு சிறிய போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் எம்6 (6 மி.மீ. மரை). 8 அல்லது 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும், சில வண்டிகளில் 5 மி.மீ. ஆலன் கீ. முழுக்கக் கழற்றத் தேவையில்லை. கையால் அழுத்தினால் நகரும் அளவுக்குத் தளர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன் கிளாம்பும் பாரும் சந்திக்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமே.

கண்ணாடி இந்த கிளாம்பிலேயே பூட்டப்பட்டிருக்கும் வண்டிகளில் அதுவும் சேர்ந்து சாயும். முடித்த பிறகு சரி செய்யுங்கள்.

வலது பக்கம் டிஸ்க் பிரேக் இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் (லீவரை இழுத்ததும் பிரேக் ஆயிலை அழுத்தும் பகுதி) எண்ணெய்த் தொட்டி கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். அதிகம் சாய்த்தால் அளவு குறைவாக இருக்கும் நேரத்தில் உள்ளே காற்று நுழைந்து லீவர் மெத்தென்று ஆகிவிடும். கிளாம்பில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது மேலேயே இருக்க வேண்டும்; இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டை முதலில் முடுக்கி, பிறகு கீழ் போல்ட். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். டேங்க்கின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

லீவர் திரும்புகிறது, சுவிட்ச் பாக்ஸ் இடிக்கிறதே?

பல வண்டிகளில் சுவிட்ச் பாக்ஸின் உள்ளே ஒரு சிறிய பின் இருக்கும். ஹேண்டில்பாரில் துளையிட்டு அதில் உட்கார வைத்திருப்பார்கள். அதனால் பாக்ஸ் தனியாகத் திரும்பாது. அந்தப் பின்னை ராவித் தள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இடது பக்கம் அப்படிச் செய்தால் ஹாரன் பட்டன் இடம் மாறிப்போகும், அவ்வளவுதான். வலது பக்கம் ஆக்சிலேட்டர் கேபிள் அதே பாக்ஸுக்குள் வரும் வண்டிகளில் பாக்ஸ் சுழன்றால் கேபிள் இழுபட்டு, என்ஜின் வேகம் தானாகக் கூடலாம். ராவ வேண்டாம். பின் உள்ள வண்டிகளில் ஹேண்டில்பாரையே திருப்புவதுதான் வழி. எல்லாம் சேர்ந்து நகரும்.

கை சிறியது. லீவரை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

விரலின் முதல் மடிப்பு, அதாவது நுனியிலிருந்து முதல் மூட்டு, லீவர்மேல் சிரமமில்லாமல் உட்கார வேண்டும். விரல் நுனியால் கொக்கி போட்டு இழுக்கும் நிலை இருந்தால் தூரம் அதிகம்.

பிரேக் லீவரில் 1 முதல் 4 அல்லது 5 வரை எண் போட்ட சிறிய சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். லீவரை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் தூரம் மாறும். எண்ணும் அம்புக்குறியும் நேராகப் பொருந்தாமல் நடுவில் விடாதீர்கள். அப்படி வசதி இல்லாத வண்டிக்கு, அதே மாடலுக்கென்று செய்த அட்ஜஸ்டபிள் லீவர் கிடைக்கும். வாங்கும்போது பிரேக் லைட் சுவிட்சை அழுத்தும் பகுதி சரியாகப் பொருந்துகிறதா, லீவரை விட்டதும் விளக்கு அணைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை லீவர் எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் சூடாகி இறுகிவிடும்.

கேபிள் கிளட்சில் ஃபிரீ ப்ளேயைக் கொஞ்சம் கூட்டினால் கிளட்ச் பிடிக்கும் இடம் கைக்கு அருகே வரும். ஆனால் அதற்கு எல்லை உண்டு, அடுத்த கேள்வியில்.

லீவர் கிளாம்பை வண்டியின் நடுப்பக்கமாக 10 மி.மீ. தள்ளுவது இன்னொரு வழி. இரண்டு விரல்கள் லீவரின் நுனிப்பக்கம் விழும்; நுனியில் இழுத்தால் குறைந்த விசை போதும். கிளாம்பை நகர்த்தப் பாரில் இடம் இருக்கும் வண்டிகளில் மட்டும் இது நடக்கும்.

கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது. ஹேண்டில்பாரை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. இடது கை வலிக்குப் பெரும்பாலும் காரணம் கிளட்ச் வயர்தான். சென்னையில் தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் ஓட்டுபவருக்கு ஹேண்டில்பாரைவிட இதுதான் முக்கியம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஃபிரீ ப்ளே. லீவரின் நுனியில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ.; உங்கள் வண்டிக்கான எண் உரிமையாளர் கையேட்டில் இருக்கும். இதைவிடக் குறைந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி, பிளேட் தேயும். கூடினால் கிளட்ச் முழுதாக விலகாது. நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும், முதல் கியர் போடும்போது வண்டி துள்ளும்.

அடுத்தது கேபிள். லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை உள்ளே திருகி, அதன் வெட்டையும் கிளாம்பின் வெட்டையும் நேராக்கி, வயரை வெளியே எடுங்கள். என்ஜின் பக்கமும் கழற்றியபின் உள் வயரைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. கரகரவென்று தடுத்தால், அல்லது வயரின் லீவர் பக்கத்து முனையிலுள்ள உருண்டைக்கு அருகே ஓரிரு இழைகள் பிய்ந்து முள்ளாக நின்றால் எண்ணெய் போட்டுப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள், விலை சில நூறு ரூபாய்தான். நன்றாக இருக்கும் கேபிளுக்கு, ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டிப் புனல் போல மேல் முனையில் கட்டி, மெல்லிய எண்ணெய் சில மி.லி. ஊற்றி, கீழே சொட்டும் வரை தொங்கவிடுங்கள். உள்ளே கெட்டி கிரீஸைத் திணிக்காதீர்கள். தூசியோடு சேர்ந்து அதுவே பசையாகிவிடும். உள்ளே டெஃப்லான் பூச்சு உள்ள கேபிளுக்கு எண்ணெயே வேண்டாம் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். உருண்டைக்கும் லீவர் சுழலும் போல்ட்டுக்கும் மட்டும் ஒரு துளி கிரீஸ் வைக்கலாம்.

திரும்ப மாட்டும்போது கேபிள் போகும் பாதையைக் கவனியுங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கூர்மையாக வளைந்தால் புது கேபிளும் கனமாகத்தான் இருக்கும். அட்ஜஸ்டரின் வெட்டும் கிளாம்பின் வெட்டும் நேராக நிற்க வேண்டாம். மழைநீர் உள்ளே போகும்.

இவ்வளவு செய்தும் கனம் குறையவில்லை என்றால் என்ஜின் பக்கத்து கிளட்ச் கையை (கேபிள் இழுக்கும் சிறிய நெம்புகோல்) பாருங்கள். லீவரை இழுத்து கிளட்ச் விலகத் தொடங்கும் நேரத்தில் அந்தக் கையும் கேபிளும் ஏறக்குறைய 90 பாகையில் இருக்க வேண்டும். பிளேட் மாற்றும்போது பல் மாறிப் பூட்டிவிட்டால் இந்தக் கோணம் கெட்டு, இழுப்பு கனமாகும். நீளமான கிளட்ச் கை போட்டால் இழுப்பு லேசாகும் என்பது உண்மைதான், ஆனால் அதே அளவுக்கு விலகும் தூரம் குறையும். நியூட்ரல் தகராறு அங்கிருந்து வரும். ஸ்லிப்பர் அண்ட் அசிஸ்ட் கிளட்ச் உள்ள வண்டிகளில், எடுத்துக்காட்டாக 2018இல் வந்த யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு, இழுப்பு பிறவியிலேயே லேசு.

சிக்னலில் கிளட்சைப் பிடித்தபடி 60 நொடி நிற்பதை நிறுத்தினாலே சிலருக்கு வலி பாதியாகும்.

ஹேண்டில்பாரைத் திருப்புவது எப்படி?

இது ஸ்பிளெண்டர், கிளாசிக் 350 போன்று ஒரே குழாயாக வரும் ஹேண்டில்பாருக்கு.

மேலே நான்கு போல்ட்டுகள், இரண்டு கிளாம்ப். பெரும்பாலும் எம்8, 12 அல்லது 13 மி.மீ. ஸ்பேனர், அல்லது 6 மி.மீ. ஆலன் கீ. சில வண்டிகளில் இவை பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். பாரில் ஒரு சிறிய புள்ளி குத்தியிருப்பார்கள். அது கிளாம்ப் இரண்டாகப் பிரியும் கோட்டோடு பொருந்தியிருப்பதுதான் கம்பெனி நிலை. புள்ளி இல்லாவிட்டால் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள்.

நான்கையும் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பார் தானாக டேங்க்கின் மேல் விழாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். குறியிலிருந்து 2 மி.மீ. நகர்த்தினால் போதும், கைப்பிடி நுனியில் அது பெரிய மாற்றமாகத் தெரியும்: 22 மி.மீ. குழாயின் மேற்பரப்பில் 2 மி.மீ. என்பது 10 பாகைக்கு மேல். எந்தப் பக்கம்? உங்களை நோக்கித் திருப்பினால் கைப்பிடி நுனிகள் பின்னாலும் கீழேயும் வரும். முன்னால் தள்ளினால் மேலேயும் தூரமாகவும் போகும். கையை நீட்டி எட்டிப் பிடிப்பவருக்குத் தன் பக்கம் திருப்புவது உதவும். அளவு மீறினால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, அங்கே ஒரு புதிய வலி பிறக்கும். முழுக்கத் திருப்பும்போது கைப்பிடி டேங்க்கிலோ முட்டியிலோ இடிக்கவும் கூடும்.

முடுக்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. கிளாம்பின் மேல் புள்ளியோ அம்போ இருந்தால் பெரும்பாலும் அது முன்பக்கம் பார்க்க வேண்டும். முன் போல்ட்டுகளை முதலில் முடுக்கி, பிறகு பின் போல்ட்டுகள், பின்னால் மட்டும் இடைவெளி நிற்கும். குறி எதுவும் இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒரே இடைவெளி வரும்படி நான்கையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முடுக்குங்கள்.

பாரைத் திருப்பிய பிறகு லீவர் கோணத்தை மறுபடி பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு, பார் திருப்பியும் வலி குறையவில்லை என்பவர்கள் நிறைய.

டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) இல்லை. எவ்வளவு இறுக்கம் சரி?

எம்8 கிளாம்ப் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். லீவர் கிளாம்பின் எம்6 போல்ட்டுக்கு 10க்கு உட்பட்டு. கையேட்டில் எண் இருந்தால் அதுதான் கணக்கு. ரென்ச் இல்லாவிட்டால் பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். போல்ட்டின் நடுவிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் ஸ்பேனரில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 15 கிலோ காட்டும்போது முறுக்கு விசை ஏறக்குறைய 22 நியூட்டன் மீட்டர். எம்6க்கு அதே தூரத்தில் 6 கிலோ, அதாவது 9 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் கீழே.

குழாய் மாட்டி ஸ்பேனரை நீட்டி முடுக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய கெடுதல். கீழே உள்ள தாங்கி அலுமினியம். மரை பிய்ந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் கொடுத்து மரைச்சுருள் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நியூட்ரலில், ஹேண்டிலை இடது கோடி வரையும் வலது கோடி வரையும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம்கூட ஏறக் கூடாது. ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. யு டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். அப்படியே இரண்டு கோடியிலும் கிளட்ச் ஃபிரீ ப்ளே மாறாமல் இருக்கிறதா, பிரேக் ஹோஸ் இறுகுகிறதா, ஒயரிங் எங்காவது சிக்குகிறதா என்று பாருங்கள். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பலமாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். பார் கிளாம்பில் நழுவக் கூடாது. முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள்.

கிளிப் ஆன் ஹேண்டில் உள்ள வண்டியில் என்ன செய்யலாம்?

ஆர்15, பல்சர் 220 போன்றவற்றில் இரண்டு தனித்தனி கைப்பிடிகள் ஃபோர்க்கோடு (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) பூட்டப்பட்டிருக்கும். திருப்பும் வாய்ப்பு குறைவு. பல மாடல்களில் பின் வைத்துக் கோணத்தை நிறுத்தியிருப்பார்கள். லீவர் கோணம், கேபிள், உட்காரும் முறை ஆகிய மூன்றும்தான் கையில் இருப்பவை. கிளிப் ஆனை உயர்த்தும் கிட்டுகள் விற்கின்றன. ஃபேரிங் (முன்பக்க உறை) உள்ள வண்டியில் முழுத் திருப்பலில் விரல் ஃபேரிங்கில் நசுங்குகிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். தினமும் 40 கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டுபவர் குனிந்து ஓட்டும் வண்டி வாங்கிவிட்டு மணிக்கட்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

ரைசர் எவ்வளவு உயரம் போடலாம்?

20 முதல் 25 மி.மீ. வரை பல வண்டிகளில் கம்பெனி கேபிளே எட்டிவிடும். அதற்கு மேல் போனால் கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களும் பிரேக் ஹோஸும் நீளமாக மாற வேண்டியிருக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஹோஸ் மாற்றி காற்று எடுக்கும் வேலை எல்லாக் கடைகளிலும் சரியாக நடப்பதில்லை. வாங்கும் முன் பாரின் கிளாம்ப் பகுதியை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்: பெரும்பாலும் 22 மி.மீ., நடுவில் தடித்த பார் என்றால் 28.6. ரைசரோடு வரும் நீள போல்ட்டுகள் 8.8 தரமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தலையில் எண் பொறித்திருக்கும். அலுமினியத் தாங்கிக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை இறங்க வேண்டும். நான்கு சுற்றில் முடிந்துவிடும் போல்ட்டை நம்பி ஓட்டாதீர்கள்.

எடை கையில் இறங்குபவருக்கு ரைசர் உதவும். கிளட்ச் வலிக்கு உதவாது.

வண்டி விழுந்த பிறகு ஒரு பக்கக் கை மட்டும் வலிக்கிறது. பார் வளைந்திருக்கிறதா?

முன் சக்கரத்தை நேராக வைத்து, இரண்டு கைப்பிடி நுனியிலிருந்தும் சீட்டின் நடுக்கோட்டில் ஒரு புள்ளிக்கு டேப் வைத்து அளங்கள். தரையிலிருந்து நுனிகளின் உயரத்தையும் அளங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்று இடங்களில் ஒன்று காரணம்.

பார் தன் கிளாம்புக்கு வெளியே வளைந்திருந்தால் மாற்றுவதுதான் சரி. ஸ்டீல் பாரை நிமிர்த்தித் தருவார்கள், ஆனால் நிமிர்த்திய இடம் பலவீனமானது. அலுமினிய பார் என்றால் நிமிர்த்தவே கூடாது. பார் நேராக இருந்து, தாங்கி மட்டும் கோணலாக இருந்தால், அதன் அடியில் உள்ள ரப்பர் புஷ் முறுகியிருக்கும். கீழே இருந்து நட்டைத் தளர்த்தி, நேராக்கி முடுக்கினால் தீரும். மூன்றாவது, ஃபோர்க்கே டி பிளேட்டுகளுக்குள் (ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ்த் தகடுகள்) முறுகியிருப்பது. சக்கரம் நேராக நிற்கும்போது ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருப்பது இதன் அடையாளம். ஆக்ஸில், கீழ் டி பிளேட், மேல் டி பிளேட் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலை நேராக்கி, ஃபோர்க்கை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு முடுக்குவார்கள். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அதே நேரத்தில் கோன் செட்டையும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நேராகப் போகக்கூட இரண்டு கையும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். முன் டயரில் காற்று குறைவாக இருந்தாலும் ஹேண்டில் கனக்கும்.

80ஐத் தாண்டினால் கை மரத்துவிடுகிறது. இது கோணமா, அதிர்வா?

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால் அதிர்வு. என்ஜின் மவுண்ட் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, செயின் அளவுக்கு மேல் இறுக்கமா, பார் எண்ட் வெயிட் (ஹேண்டில்பார் நுனியில் இருக்கும் எடை) விழுந்துவிட்டதா என்று பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்டைலுக்காகக் கழற்றி எறியும் அந்த வெயிட்டுதான் அதிர்வைக் குறைக்க வைத்தது. பழைய 350 சிசி புல்லட், கிளாசிக் என்ஜின்களில் பேலன்ஸர் (அதிர்வைத் தணிக்க என்ஜினுக்குள் சுழலும் எடை) கிடையாது. 2020இல் மீட்டியோரிலும் 2021இல் கிளாசிக்கிலும் வந்த ஜே வரிசை என்ஜினில் உண்டு. பழைய வண்டியில் பிடியைத் தளர்த்துவதும், அதிர்வு குறைந்த வேகத்தில் ஓட்டுவதும், கனமான பார் எண்ட் போடுவதும்தான் வழி.

தடிமனான கிரிப் போடலாமா?

கைப்பிடியைப் பிடிக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சிறிய இடைவெளிதான் இருக்க வேண்டும். பெரிய கை உள்ளவருக்கு நுரை உறை நல்ல ஆறுதல். சிறிய கைக்கு அதே உறை முன்கை வலியைக் கூட்டும். தடித்த பொருளைப் பிடிக்க அதிக விசை வேண்டும்.

புது கிரிப் மாட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது சானிடைசர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். எண்ணெயோ சோப்போ வேண்டாம். வலது பக்க கிரிப்பின் நுனிக்கும் பார் எண்ட் வெயிட்டுக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். உரசினால் ஆக்சிலேட்டர் திரும்பி மூடாது.

வலது மணிக்கட்டு மட்டும் நீண்ட பயணத்தில் வலிக்கிறது.

ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது மணிக்கட்டை நேராக வைத்துப் பிடித்தால், திறந்து ஓடும் வேகத்துக்கு வரும்போது அது பின்னால் மடிந்துவிடும். மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். மூடிய நிலையில் மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள், ஓடும் வேகத்தில் அது நேராகிவிடும். திருப்புளியைப் பிடிப்பதுபோல் கைப்பிடியைச் சற்றுக் குறுக்காக, சுண்டுவிரல் பக்கம் அழுத்திப் பிடித்தால் முழங்கை வெளியே விரிந்து, திருப்பும் வேலையை முன்கை எடுத்துக்கொள்ளும்.

ஆக்சிலேட்டரின் ஃபிரீ ப்ளே கிரிப்பின் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மி.மீ. இருக்கும். 10 மி.மீ. ஆடினால் அவ்வளவு தூரமும் மணிக்கட்டுதான் வீணாகத் திரும்புகிறது. உள்ளங்கையால் அழுத்தி ஓட்டும் பிளாஸ்டிக் தகடு நெடுஞ்சாலையில் வசதிதான். ஊருக்குள் நுழையும் முன் அதை ஒதுக்கித் திருப்பிவிடுங்கள். பிரேக் பிடிக்கப் போகும் கை அதில் பட்டு வண்டி பாயும்.

சீட்டுக்கும் கைக்கும் என்ன தொடர்பு?

நிறுத்திய வண்டியில் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, உடம்பை அசைக்காமல் இரண்டு கைகளையும் கைப்பிடியிலிருந்து எடுங்கள். முன்னால் விழப் பார்த்தால் உங்கள் எடை மணிக்கட்டில் தொங்குகிறது. வழவழப்பான ரெக்ஸின் கவர் போட்டபின் வலி தொடங்கியதா? பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் டேங்க் பக்கம் சறுக்கி, கையால் முட்டுக்கொடுக்கிறீர்கள். தனியாக ஓட்டும்போது பின் ஷாக் அப்சார்பர் கடைசிப் படியில் இறுக்கியிருந்தாலும் வண்டி முன்னால் சாயும்; ஒரு படி குறையுங்கள். பிரேக் பிடிக்கும்போது முட்டியால் டேங்க்கை அணைத்துப் பிடித்தால் கைக்கு வரும் சுமை உடனே குறைவது தெரியும். லேப்டாப் பையைத் தோளில் மாட்டாமல் பின்சீட்டில் கட்டுங்கள்.

ஸ்கூட்டருக்கு இதெல்லாம் பொருந்துமா?

ஹேண்டில் திருப்பும் பகுதி பொருந்தாது. ஆக்டிவா போன்றவற்றில் ஹேண்டில் ஒரே நிலையில்தான் பூட்டப்படும். இடது லீவர் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுக்கும் காம்பி பிரேக் என்பதால் அது கனமாகவே இருக்கும். கேபிளுக்கு எண்ணெயும் பின் பிரேக் அட்ஜஸ்ட்மென்டும் தவறாமல் பார்த்தால் இழுப்பு குறையும்.

கையுறை?

உள்ளங்கையில் தடித்த தையல் ஓடாத கையுறை. மணிக்கட்டுப் பட்டையில் ஒரு விரல் நுழைய வேண்டும். அதைவிட இறுக்கினால் பட்டையே நரம்பை அழுத்தும். கைக்கடிகாரத்தைப் பட்டைக்கு அடியில் கட்டாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரவில் கை மரத்துத் தூக்கம் கலைந்தால், கையிலிருந்து டம்ளர் நழுவினால், சட்டைப் பித்தான் போடச் சிரமப்பட்டால், கட்டைவிரலின் அடிச் சதை வற்றியதுபோல் தெரிந்தால் ஸ்பேனரை வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டுகளை மடித்து ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று விரல்களில் கூச்சம் வந்தால் நடு நரம்பு அழுந்துவதாகச் சந்தேகிக்கலாம். எலும்பு மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ நரம்புக் கடத்தல் சோதனை எழுதித் தருவார். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றிலும் இந்த நரம்பு எளிதில் அழுந்தும் என்பதால் அவற்றைச் சொல்ல மறக்க வேண்டாம். பகலில் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுகிறீர்கள், எந்தக் கை, எந்த விரல் என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு வேலை எளிது.